கோலாலம்பூர் – சென்னை: எத்தனை தூரம், எத்தனை நேரம்?



போன தவணையில் படிவம் நான்கு மாணவர்களிடம் ஒரு சின்ன அட்டவணையைக் கொடுத்து, அதிலுள்ள தகவலை வைத்து ஒரு பத்தி எழுதச் சொன்னேன். அட்டவணையில் இரண்டே வரிகள். கோலாலம்பூரில் காலை 9.30க்குப் புறப்படும் விமானம் சென்னையில் காலை 10.55க்கு இறங்கும். சென்னையில் நண்பகல் 12.00க்குப் புறப்படும் விமானம் கோலாலம்பூரில் மாலை 6.25க்கு இறங்கும். நேரங்கள் பாடத்துக்காக நானே போட்டவை. ஆனால் நிஜ அட்டவணைகளிலிருந்து ரொம்பத் தள்ளிப் போகாதவை.

பாதிப் பேருக்கு மேல் இப்படி எழுதியிருந்தார்கள்: சென்னைக்குப் போக 1 மணி 25 நிமிடம் ஆகும், திரும்பி வர 6 மணி 25 நிமிடம் ஆகும். ஒரு பையன் அதற்குக் காரணமும் கொடுத்திருந்தான். வரும்போது எதிர்க்காற்று பலமாக அடிப்பதால் விமானம் மெதுவாக வருமாம். மொழி நடைக்கு மதிப்பெண் கொடுக்கலாம், வாக்கியங்களில் பிழையே இல்லை. விஷயம்தான் தப்பு.

நாங்கள் இருப்பது நீலாயில். கே.எல்.ஐ.ஏ. எங்களுக்கு அரை மணி நேரத் தூரம். 1998 ஜூனில் அந்த விமான நிலையம் திறப்பதற்கு முன்னால் செப்பாங் பக்கமெல்லாம் செம்பனைத் தோட்டங்கள். இன்றைக்கு என் மாணவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார். விமானம் இவர்களுக்கு அதிசயம் இல்லை. அப்படியிருந்தும் தூரம், பறக்கும் நேரம், கடிகார நேரம், பயண நேரம் என்கிற நாலும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. மாணவர்களுக்கு மட்டுமில்லை, நமக்கும்தான். என் குடும்பத்தில் இந்தக் குழப்பத்துக்கு ஒரு விலை கொடுத்தோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தூரம். கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். விமானிகள் கடல் மைலில் கணக்குப் போடுவார்கள்; அதில் சுமார் 1,420. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவர் எப்போதும் ஒருவர் இருப்பார். பூமியின் சுற்றளவை 360 பாகையாகப் பிரித்து, ஒவ்வொரு பாகையையும் 60 கலையாகப் பிரித்தால், ஒரு கலைக்கு வரும் நீளம்தான் கடல் மைல். ஆகவே கோலாலம்பூரிலிருந்து சென்னை 1,420 கலை, அதாவது கிட்டத்தட்ட 23⅔ பாகை. மொத்த உலகத்தைச் சுற்றி வர வேண்டிய வழியில் பதினைந்தில் ஒரு பங்கு.

இந்த 2,630 எப்படி அளக்கப்படுகிறது? சுவர் வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அல்ல. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியில் விறைப்பாக நிற்கிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. இதைப் பெருவட்ட வழி என்று புவியியலில் சொல்கிறார்கள். நம் நாடும் தமிழ்நாடும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வரைபடக் கோட்டுக்கும் நூல் வழிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நூலைப் பிடித்துக் காட்டினால்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். வரைபடத்தில் பசிபிக் கடலையோ அட்லாண்டிக்கையோ தாண்டிப் போக வேண்டும்போல இருக்கும். நூலோ நேராக வட துருவத்துக்குப் பக்கத்தில் போகும்! இரண்டு ஊர்களும் உலகத்தின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், துருவ வழிதான் குறுக்கு வழி: 15,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பள்ளியில் உருண்டை இல்லையென்றால் ஒரு பொமலோ பழமும் ரப்பர் பேண்டும் போதும், நான் அப்படித்தான் செய்தேன்.

நம் சென்னை வழிக்கே வருவோம். நூல் எந்தெந்த இடத்துக்கு மேலே போகிறது என்று பார்த்தால் தமிழாசிரியருக்கு ஒரு விருந்து காத்திருக்கிறது. செப்பாங்கிலிருந்து வடமேற்காகக் கிளம்பி, மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்திராவின் வடகோடியான ஆச்சே கரையை ஒட்டி, பெரிய நிக்கோபார் தீவின் தென்முனைக்குப் பக்கத்தில் போய், பிறகு வங்கக் கடல் முழுக்கத் தண்ணீர்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025 வாக்கில் நடந்த கடற்படையெடுப்பில் அவன் வென்ற இடங்களை வரிசையாகச் சொல்கிறது. அதிலுள்ள கடாரம் நம் கெடா; இலாமுரிதேசம் ஆச்சே பகுதி; மாநக்கவாரம் நிக்கோபார் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். சோழனின் கப்பல் போன தடத்துக்கு மேலேதான் இன்றைக்கு நாம் இருக்கையில் பட்டி போட்டுக்கொண்டு போகிறோம். படிவம் ஐந்து வகுப்பில் மெய்க்கீர்த்தி என்ற சொல்லை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நிஜ விமானம் நூலைப் போல அப்படியே போகாது, வான்வழிச் சாலைகள் உண்டு, மழை மேகத்தைச் சுற்றியும் போக வேண்டும். அதனால் உண்மையில் பறக்கும் தூரம் எப்போதும் 2,630ஐவிடக் கொஞ்சம் கூடுதல்.

அடுத்தது பறக்கும் நேரம். இந்த வழியில் ஓடும் நடுத்தர விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 840 கிலோமீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்வோம். 2,630ஐ 840ஆல் வகுத்தால் 3.13 வரும். இங்கேதான் முதல் பள்ளம். இதை “3 மணி 13 நிமிடம்” என்று எழுதாத வகுப்பே இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பது நூற்றில் பங்கு, அறுபதில் பங்கு அல்ல. 0.13ஐ 60ஆல் பெருக்கினால் 8. ஆக 3 மணி 8 நிமிடம். இதே தப்பு தலைகீழாகவும் நடக்கும். நேர வித்தியாசம் “2.30 மணி நேரம்” என்று படித்துவிட்டு, கணிப்பொறியில் 2.3 என்று தட்டுவார்கள். அது 2 மணி 18 நிமிடம் ஆகிவிடும். தமிழில் இதற்கு ஓர் அழகான மருந்து இருக்கிறது: “இரண்டரை மணி நேரம்”. அரை என்று வாய்விட்டுச் சொன்னால் தப்பு வராது. எண்ணால்தான் எழுத வேண்டுமென்றால் “2 மணி 30 நிமிடம்” என்று பிரித்து எழுதப் பழக்குங்கள். கடிகார நேரத்துக்கு 9.30 சரி, நேர அளவுக்கு 2.30 வேண்டாம்.

கணக்குப்படி 3 மணி 8 நிமிடம் என்றால், அட்டவணை ஏன் 3 மணி 55 நிமிடம் கேட்கிறது? அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் வாயிலை விட்டு நகர்ந்த நிமிடத்திலிருந்து, அடுத்த ஊரில் வாயிலில் நிற்கும் நிமிடம்வரை உள்ள நேரம் அது. கே.எல்.ஐ.ஏ.யில் ஓடுபாதைக்கு உருண்டு போகவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. சென்னைக்கு மேலே கூட்டமாக இருந்தால் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டிவரும். மிச்சம் 47 நிமிடம் அங்கேதான் போகிறது.

காற்றைப் பற்றி எழுதிய பையன் பாவம், அவன் முழுக்கத் தப்பில்லை. காற்று உண்மையிலேயே நேரத்தைக் கூட்டும், குறைக்கும். கோலாலம்பூர் – லண்டன் சுமார் 10,600 கிலோமீட்டர். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, அதனால் ஒரே தூரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்வரை வித்தியாசம் வரும். சென்னை வழியில் கதை வேறு. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலமான காற்றோட்டம் ஓடுகிறது. அந்த வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டத்தை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம். அது சுமார் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் உச்சமாக இருக்கும். நம் விமானம் 10, 12 கிலோமீட்டரில் போவதால் அதன் அடிப்பகுதிதான் உரசும். அந்த மாதங்களில் சென்னைக்குப் போகும் விமானத்துக்கு அது முதுகில் தள்ளிவிடுகிற காற்று. கிடைப்பது சில நிமிடங்கள்தான், ஐந்து மணி நேரம் இல்லை.

ஆக, போகும்போதும் 3 மணி 55 நிமிடம், வரும்போதும் 3 மணி 55 நிமிடம். மற்றதெல்லாம் கடிகாரம் செய்கிற வேலை. சென்னையில் 10.55 என்றால் நீலாயில் மதியம் 1.25, அதில் 9.30ஐக் கழித்தால் விடை வந்துவிடும். கணித ஆசிரியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு இன்னொரு வித்தை சொன்னார். நேர வித்தியாசம் எவ்வளவு என்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அட்டவணையில் தெரிகிற 1 மணி 25 நிமிடத்தையும் 6 மணி 25 நிமிடத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் 3 மணி 55 நிமிடம். பெரியதில் சின்னதைக் கழித்துப் பாதியாக்கினால் 2 மணி 30 நிமிடம். முதல் விடை பயண நேரம், இரண்டாவது நேர வித்தியாசம். போக வர ஒரே நேரம் ஆகும் வழிகளில் இது அப்படியே பலிக்கும். மாணவர்கள் கைதட்டினார்கள். என் பாடத்தில் கைதட்டல் அவருக்கு.

இந்த இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வருகிறது? சூரியனிடமிருந்து என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது பாதி உண்மை. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். நமக்கும் சென்னைக்கும் தீர்க்கரேகையில் வித்தியாசம் சுமார் 21½ பாகை. அதாவது சூரியன் நீலாய்க்கு மேலே வந்த பிறகு சென்னைக்கு மேலே வர 86 நிமிடம்தான் ஆகும். மீதி 64 நிமிடத்தை யார் சேர்த்தார்கள்? அரசாங்கம்! இந்தியா 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து நேரம் சொல்கிறது, அது சென்னைக்குப் பக்கம்தான். அங்கே உச்சிவெயில் சராசரியாக 12.09க்கு. மலேசிய நேரம் 120 பாகை தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு நம் நாட்டுக்குள்ளேயே வராது, சபாவின் கிழக்குக் கரைக்கும் அப்பால் கடலில் போகிறது. அதனால் நீலாயில் உச்சிவெயில் மதியம் 1.13 வாக்கில். உச்சிப்பொழுது என்றால் 12 மணி என்று நாம் சொல்லிக் கொடுப்பது இங்கே நிஜத்தில் ஒரு மணிக்கு மேல்தான் வருகிறது. மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் எப்போது மிகக் குறுகுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நம்பாத மாணவரும் நம்புவார்.

முன்பு இப்படி இல்லை. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு அரை மணி முன்னே தள்ளப்பட்டது, 1982 பிறந்துவிட்டது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம். அதற்கு முன் இந்தியாவோடு நமக்கு இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். இன்னும் பின்னால் போனால் ஜப்பான்காரன் காலத்தில் 1942 முதல் 1945வரை இங்கே ஓடியது தோக்கியோ நேரம். எஸ்டேட்டில் வளர்ந்த என் பாட்டிக்கு 1982 என்றால் தெரியாது. “மணிய மாத்துன வருஷம்” என்றால் தெரியும். பெரட்டுக்குப் போகும்போது இருட்டு இன்னும் விலகவில்லை, சூரியன் அதே சூரியன், மணிதான் சீக்கிரம் அடித்தது என்பார். என் பெரியப்பா ஒருவர் இன்றைக்கும் ஊருக்குப் போன் போடும்போது இரண்டு மணி நேரம்தான் கழிப்பார். திருத்தினால் கோபம் வரும். அவர் கற்றுக்கொண்ட காலத்தில் அது சரி.

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. இந்தியப் பஞ்சாங்கத்தில் ஒரு திதி தொடங்கும் நேரம் இருந்தால் இரண்டரை மணியைக் கூட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் அது உலகம் முழுக்க ஒரே கணம். இராகு காலத்துக்கு அப்படிக் கூட்டக் கூடாது. அது அந்தந்த ஊர்ப் பகலை எட்டாகப் பங்கிட்டு வருவது. கோயில் நாட்காட்டி விவாதங்களில் பாதி இதில்தான் முளைக்கிறது.

சொல் விஷயத்தில் நான் அடிக்கடி சிவப்பு மை போடும் ஒரு வாக்கியம்: “சென்னை மலேசியாவைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியுள்ளது.” பின்தங்கிய என்ற சொல்லுக்கு நம்மிடம் வேறு ஒரு சுமை இருக்கிறது. பின்தங்கிய மாணவர், பின்தங்கிய வட்டாரம் என்று பழகிவிட்டோம். “சென்னை நேரம் மலேசிய நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது” என்று எழுதலாம். அதைவிடத் தெளிவு வேண்டுமா? “இங்கே நண்பகல் 12.00 என்றால் சென்னையில் காலை 9.30.” விளக்கக் கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டு பத்து முந்தி, பிந்திகளுக்குச் சமம்.

இப்போது கடைசிக் கணக்கு, பயண நேரம். எங்கள் வீட்டுக் கதை இதுதான்.

என் அத்தை, அப்பாவின் மூத்த அக்கா, லாபு பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். 1960களில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். ராஜுலா கப்பலில் போனார். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நம்மவர்களை ஏற்றி இறக்கியது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. தாத்தா சிறுவனாக வந்ததும் கப்பலில்தான், 1938இல் ஆள் எடுப்பு நிறுத்தப்படுவதற்கு முன்பு. ஒரு வாரப் பயணம். கப்பலில் நேர வித்தியாசம் யாருக்கும் உறைக்காது. போகப் போகக் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். ஒரு வாரம் என்றால் ஒரு வாரம், அதில் யாருக்கும் மயக்கம் இல்லை. சாவுச் செய்தி தந்தியில் வந்தால், போய்ச் சேர முடியாது என்று இங்கேயே தலை முழுகிவிடுவார்கள். விமானம் வந்த பிறகுதான் போய்விடலாம் என்ற ஆசை வந்தது.

2007இல் நான் படிவம் ஐந்து. ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. அத்தை இறந்துவிட்டார். அங்கே அப்போது இரவு 2.30. அப்பாவிடம் விசா இருந்தது, அடுத்த மாதம் போவதாக இருந்தவர். அத்தையின் மகன் கேட்டார்: “மாமா, எத்தன மணிக்கு வருவீங்க? எடுக்கறத நிறுத்தி வைக்கவா?” அப்பா சொன்னார்: “நாலு மணி நேரம்தானப்பா. காலைல ப்ளைட் கெடச்சா மத்தியானம் அங்க இருப்பேன்.”

விமானம் கிடைத்தது. அப்பா சொன்ன நாலு மணி நேரமும் பொய்யில்லை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பியது காலை 6.30, விமானம் நகர்ந்தது 9.30. சென்னையில் இறங்கும்போது அங்கே 10.55. குடிநுழைவு முடித்து வெளியே வர 12 மணி. அங்கிருந்து ஊருக்கு 300 கிலோமீட்டருக்கு மேல், அந்தக் காலச் சாலையில் காரில் ஏழரை மணி நேரம். வீட்டு வாசலில் கால் வைத்தது இரவு 7.30. நம் கடிகாரத்தில் இரவு 10.00. கிளம்பியதிலிருந்து பதினைந்தரை மணி நேரம். அதில் விமானத்தில் இருந்தது கால்வாசி.

மதியம்வரை வைத்திருந்தார்கள். அப்புறம் மூன்று, நான்கு என்று பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்தரைக்கு எடுத்துவிட்டார்கள். அப்பா போனபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்களாம், தரை இன்னும் ஈரமாக இருந்ததாம். அதை மட்டும்தான் அப்பா இன்றுவரை சொல்வார், வேறு எதுவும் சொல்ல மாட்டார். முதலிலேயே “ராத்திரி ஆகிடும்” என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலைவரை வைத்திருப்போம் என்று அத்தை மகன் பிறகு சொன்னார். ஐஸ் பெட்டிக்குச் சொல்ல ஆள் தயாராக இருந்தாராம்.

அன்று அப்பாவுக்குக் கிடைத்தது சென்னை விமானம். இப்போது கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானங்கள் உண்டு. கணக்குப் பாருங்கள்: திருச்சி நமக்குச் சென்னையைவிடத் தூரம். வான்வழியில் ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர், 60 கிலோமீட்டர் கூடுதல். ஆனால் திருச்சியிலிருந்து மன்னார்குடி நூறு கிலோமீட்டருக்குள், தஞ்சாவூர் வழியாக இரண்டரை, மூன்று மணி நேரம். தூரம் கூடியது, பயணம் நான்கைந்து மணி நேரம் குறைந்தது. தூரமும் நேரமும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் தேடிப் பார்க்கவில்லை.

நம் பழைய தமிழில் தூரத்தையே நேரத்தால்தான் அளந்தார்கள். நாழிகை வழி என்றால் ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து போகும் தூரம். ஏறத்தாழ ஒன்றரை மைல். ஏழு நாழிகை வழி ஒரு காதம். கூப்பிடு தூரம் என்பது குரலால் அளந்தது. எல்லாரும் நடந்துதான் போனார்கள், எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகம், ஆகவே நேரத்தைச் சொன்னால் தூரம் தெரிந்துவிடும். “அரை மணி நேரத் தூரம்” என்று நானே மேலே எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? பேச்சில் அது தப்பே இல்லை. விளக்கக் கட்டுரையில் மட்டும் எதில் போனால், எங்கிருந்து எங்கே என்று சேர்த்து எழுத வேண்டும். “சென்னை நாலு மணி நேரம்” என்பது விமானத்தின் கதவிலிருந்து கதவுக்கு. மனிதருக்கு வாசலிலிருந்து வாசலுக்கு.

இன்னும் ஒரு பள்ளம் பாக்கி, தேதி. அட்டவணைப் பாடம் முடிந்ததும் காற்றுக் காரணம் எழுதிய அதே பையன் கைப்பேசியில் ஒரு டிக்கெட்டைக் காட்டினான். அவன் பாட்டி சென்னைக்குத் தனியாகப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு 11.15க்குக் கோலாலம்பூரில் ஏறுகிறார். “டீச்சர், மாமாவுக்கு எப்பன்னு சொல்றது?” கணக்குப் போட வைத்தேன். 11.15ஓடு 3 மணி 55 நிமிடம் கூட்டினால் திங்கள் அதிகாலை 3.10, நம் நேரம். இரண்டரை கழித்தால் சென்னையில் 12.40. டிக்கெட்டிலும் திங்கள் 12.40 என்றுதான் இருந்தது.

சரி, மாமாவுக்குத் “திங்கட்கிழமை இரவு 12.40” என்று அனுப்பலாமா? அங்கேதான் சிக்கல். ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. நம் பஞ்சாங்க நாளோ சூரியன் உதித்தால்தான் மாறும். கிராமத்தில் இன்றும் பேச்சு வழக்கில் விடிகிறவரை அது ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான். திங்கட்கிழமை ராத்திரி என்று சொன்னால், மாமா திங்கட்கிழமை பூராவும் வயல் வேலையைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாடு முடித்துச் சாவகாசமாகக் கிளம்புவார். பாட்டி ஒரு பகல் முழுக்க விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பார். 12.40க்கு முன்னால் காலையா மாலையா என்று எழுதுவதிலும் குழப்பம் உண்டு. “நள்ளிரவு கடந்து 12.40” என்று எழுதச் சொல்கிறேன். கட்டுரையில் அது போதும். மாமாவுக்குப் போதாது.

பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாமாவுக்கு இப்படிக் குரல் பதிவு அனுப்பினான், அதையே பலகையில் எழுதிப் போட்டேன்: “மாமா, ஞாயித்துக்கெழம ராத்திரி சாப்புட்டுட்டுப் படுக்காம நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்க. பாட்டி வெளிய வர ஒண்ணரை ஆகும். விடிஞ்சாத்தான் திங்கக்கெழம.”